சும்மா எடுத்த முகங்கள்

கும்மிடிப்பூண்டி பஜாரில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே பத்துக்குப் பன்னிரண்டு அறை. என் கோபம் பஜாருக்கே தெரியும். மளிகைக் கடையில் எடை குறைந்தால் அங்கேயே நின்று சத்தம் போடுவேன். சிலிண்டர் கொண்டுவருகிறவர் மேற்கொண்டு ஐம்பது கேட்டால் எந்த ரசீதில் போட்டிருக்கிறது என்று காட்டச் சொல்வேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் என்னைப் பார்த்ததும் மீதிச் சில்லறையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நான், "நமக்குள்ள இன்னா?" என்று யாராவது தெரிந்தவர்கள் ஆரம்பித்துவிட்டால் போதும், வாயில் கொழுக்கட்டையை அடைத்தது போல ஆகிவிடுவேன். என் வேலைக்கு என்ன விலை என்று ஒரு நாளும் அவர்களிடம் சொன்னதில்லை.

சொல்லாததால் அவர்களும் கொடுத்ததில்லை. அதை நினைத்து நினைத்து நானே உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பேன்.

வேப்பம்பட்டில் வீடு கட்டிய கல்லூரித் தோழி ஒருத்தி கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டாள். "நீ இல்லாம எப்டிடி? கண்டிப்பா வரணும். வரும்போது அப்டியே கேமராவையும் எடுத்துக்கினு வந்துடு" என்றாள். அப்டியே! கேமரா என்னவோ என் கைப்பையில் கிடக்கிற சீப்பு மாதிரி. போனேன். ஐயருக்குத் தட்சிணை. சமையல்காரருக்கு முன்பணம் போக மீதி. பந்தல் போட்டவர் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார். பசுவையும் கன்றையும் ஓட்டிவந்தவருக்கு வாடகையும் வேட்டி துண்டும் கொடுத்தார்கள், பசுவுக்குத் தனியாக ஒரு சீப்பு வாழைப்பழம். அந்தப் பசு வீட்டுக்குள் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. நான் நின்றது ஏழு மணி நேரம். எனக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டார்கள், முந்தைய பந்திகளையெல்லாம் நான்தானே எடுத்துக்கொண்டிருந்தேன். பாயசம் தீர்ந்துவிட்டிருந்தது.

இன்னொருவர் என் வீட்டுக்காரரின் நண்பர். வள்ளூரில் அனல்மின் நிலைய வேலை, கை நிறையச் சம்பளம். மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார். "பட்டன அமுத்தறதுக்கு இன்னாமா செலவு? அந்தக் காலம் மாதிரி ஃபிலிமா கழுவறே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். கேமராவின் மாதத் தவணை, லென்ஸில் பூஞ்சை பிடித்துச் சுத்தம் செய்யக் கொடுத்தது, மூன்று நாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகத் திருத்தியது, எதுவும் அவர் கண்ணில் படவில்லை. பட்டன் மட்டும்தான் பட்டது.

என் பிறந்த வீட்டில் திருவாலங்காட்டுப் பக்கம் நெல் போடுகிறார்கள். அறுவடை நேரத்தில் ஊரே களத்தைத் தாண்டித்தான் போகும். யாரும் வந்து "நமக்குள்ள இன்னா, ரெண்டு மூட்டை அப்டியே எடுத்துக்கினு போறேன்" என்று கேட்டதில்லை. கேட்டால் என் அண்ணன் என்ன சொல்வான் என்று அவர்களுக்குத் தெரியும். நெல்லைக் கையால் அள்ளிப் பார்க்கலாம், மூட்டையைத் தூக்கிப் பார்க்கலாம். என் வேலையை எதில் வைத்துத் தூக்குவது? "போன்லயே எடுத்துக்கலாம், ஆனா நீ எடுத்தா நல்லா இருக்கும்" என்பார்கள். அந்த "நல்லா" இருப்பதற்குத்தான் விலை என்று பதில் சொல்ல எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து குக்கரிடம் சொல்வேன்.

சொல்ல முடியாதவள் வேறு ஒரு வழி கண்டுபிடித்தேன். காசு தராதவர்களின் வேலையில், அவர்களுக்குத் தெரியாமல், வேலையைக் குறைத்துவிடுவேன். ஸ்டுடியோ லைட்டுகளை எடுத்துப்போக மாட்டேன். இருக்கிற டியூப் லைட்டே போதும். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எடுக்க மாட்டேன். கண் மூடியிருந்தால் மூடியிருக்கட்டும். கம்ப்யூட்டரில் ஏற்றித் திருத்தாமல் எடுத்தது எடுத்தபடி கொடுத்துவிடுவேன். அவர்கள் "சூப்பர்டி" என்பார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். நீ கொடுக்காத காசை நான் உன் படத்திலிருந்தே கழித்துக்கொண்டேன், உனக்குத்தான் தெரியவில்லை என்று. இதைப் பெரிய சாமர்த்தியம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சாமர்த்தியம் சந்தி சிரித்த கதைதான் இது.

என்னோடு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் ஒருத்தி. என் டிபன் பாக்ஸை அவளும் அவள் டிபன் பாக்ஸை நானும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஆள் அனுப்புகிற லேபர் காண்ட்ராக்டரின் ஆபீஸை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். போன வருடம் ஒரு நாள் போன் செய்தாள்.

"இன்னாடி பண்ணினு இருக்கே? ஒரு சின்ன உதவி. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் புது கேட் கார்டு போடணும். ஒரு இருநூத்தி நாப்பது பேரு. ஒரு நாள் வந்து போட்டோ அடிச்சிக் குடுத்துடேன்."

இருநூற்று நாற்பது பேர் சின்ன உதவியாம். அவளே தொடர்ந்தாள்.

"போட்டோவுக்குன்னு பட்ஜெட்லாம் கிடையாதுடி. ஆனா கம்பெனி ஆண்டு விழா வருது. அந்த ஆர்டர உனக்கே பேசி வாங்கித் தரேன். நமக்குள்ள இன்னா?"

"சரி" என்றேன். போனை வைத்தபிறகு மேஜை மேல் இருந்த பில் புத்தகத்தை எடுத்துச் சுவரில் எறிந்தேன். அது என்ன பாவம் செய்தது? பிறகு நானே போய்ப் பொறுக்கினேன்.

கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஷெட்டில் உட்கார வைத்து எடுக்கச் சொன்னார்கள். நல்ல வெயில் காலம். கூரையிலிருந்து சூடு தலையில் இறங்கியது. ஒரு பக்கம் முழுக்கத் திறந்த ஷட்டர், வெளியே கண்ணைக் கூசும் வெளிச்சம். எந்தத் திசையில் நாற்காலியைப் போட வேண்டும் என்று கேமரா பிடித்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக் கூடாது. ஆனால் அப்படிப் போட்டால் வெயில் என் தலைமேல் விழும். நான் நிழலில் நின்றுகொண்டேன். நாற்காலியை ஷட்டருக்கு முதுகு காட்டிப் போட்டேன். லைட்டுகளைக் கொண்டுவரவில்லை. ஓசி வேலைக்கு லைட் தூக்குவார்களா?

வேலை கெடாமல் பத்துப் பத்துப் பேராக அனுப்பினார்கள், ஆட்கள் வரிசையாக வந்தார்கள். பாதிப் பேர் வடநாட்டுப் பையன்கள், பாதிப் பேர் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். நீல நிறக் கோட்டு, தலையில் வலைத் தொப்பி. தொப்பியைக் கழற்று, நிமிர், பார், முடிந்தது, அடுத்து. ஒரு ஆளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. சில பெண்கள் உட்காரும் முன் முந்தானையால் முகத்தைத் துடைத்து, நெற்றி முடியை ஒதுக்கினார்கள். அதற்குள் நான் எடுத்து முடித்திருந்தேன். "ஒரு நிமிசங்க்கா" என்று ஒருத்தி சொன்னாள். "போதும் போதும், கார்டுக்குத்தானே" என்றேன். நடுவில் கரன்ட் போனது. இருந்த ஒரு டியூப் லைட்டும் அணைந்தது. காத்திருந்தால் அரை மணி நேரம் வீண். அந்த அரை இருட்டிலேயே எடுத்தேன்.

படங்கள் மோசமாக வருகின்றன என்று எனக்கு நன்றாகத் தெரியும். கேமராவின் சின்னத் திரையில் முகங்கள் கரியாய்த் தெரிந்தன. எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

தோழி நடுவில் டீயும் எலுமிச்சை சாதமும் அனுப்பினாள். சாயங்காலம் பென்டிரைவில் எல்லாவற்றையும் அப்படியே போட்டு அவள் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். "தெய்வம்டி நீ" என்றாள். ஆண்டு விழா பற்றி அவள் பேசவில்லை. அந்த விழா பிறகு நடந்தது. சென்னையிலிருந்து வேறு யாரோ வந்து எடுத்தார்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு நான் ஒரு கைக்குழந்தையின் பாஸ்போர்ட் போட்டோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்டுடியோ வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை. வேலைக்குக் கிளம்பியவள் போலவும் இருந்தாள், வேலையிலிருந்து திரும்பியவள் போலவும் இருந்தாள். குழந்தைக்காரர்கள் போகும்வரை அங்கேயே நின்றாள். அவர்கள் வாசல்படி இறங்கியதும் உள்ளே வந்தாள்.

"நீதான கம்பெனில எங்கள போட்டா புடிச்ச?"

"ஆமா. என்ன வேணும்?"

கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி என் கண்ணாடி மேஜை மேல் போட்டாள்.

"இது நானா?"

பார்த்தேன். பின்னால் வெள்ளை வெளேர் என்று வெளிச்சம். நடுவில் ஒரு தலை வடிவம். அதில் மூக்கு எங்கே வாய் எங்கே என்று தேடினால்தான் தெரியும். இரண்டு கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது. அது இவளாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம், இந்த பஜாரில் நடக்கிற எவளாகவும் இருக்கலாம்.

"கேட்ல புது செக்யூரிட்டி போட்டுக்கீறாங்க. கார்டையும் மூஞ்சியையும் பாத்துதான் உள்ள வுடறான். இது நீ இல்ல, வேற ஆளு கார்ட எடுத்துக்கினு வந்துக்கீறன்னு சொல்றான். நேத்து திருப்பி அனுப்பிட்டான். இன்னிக்கும் அனுப்பிட்டான். நாளைக்கும் வரலன்னா லிஸ்ட்லேர்ந்து பேர எடுத்துடுவாங்க. வெளில ஆளு நிக்கிது, என் எடத்துக்கு."

அவள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. விடியும் முன் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். புருஷன் ஏரியில் மீன் பிடிக்கிறவர். "அவரு போனாதான் மீனு. மீனு கெடச்சாதான் காசு. மாசம் பொறந்தா வர்றது என் சம்பளம் ஒண்ணுதான்க்கா" என்றாள். அந்த "அக்கா"வில் மரியாதை எதுவும் இல்லை. பேச்சை முடிக்க ஒரு வார்த்தை வேண்டுமே என்று சொன்னதுதான்.

பழக்க தோஷத்தில் முதலில் வந்தது கோபம்தான். அவள் மேலேயே வந்தது.

"அதுக்கு நான் என்ன செய்யறது? உங்க ஆபீஸ்ல போய்க் கேளு. அவங்கதானே கார்டு போட்டாங்க."

"கேட்டேன். புது கார்டு போடணும்னா நூத்தம்பது ரூபா கட்டுன்றாங்க. மொத தபாவே உனக்குன்னு நூறு ரூபா புடிச்சிக்கினாங்க. ரெண்டு நாள் சம்பளம் போச்சி. இதுக்கு மேல நூத்தம்பதா? உன்னாண்டதான கேக்கணும்?"

"எனக்குன்னு நூறு ரூபாயா?"

"ஆமா. சம்பளத்துல புடிச்சாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டதுக்கு போட்டாக்காரம்மாவுக்குன்னு சொன்னாங்க. அல்லாருக்கும் புடிச்சாங்க."

இருநூற்று நாற்பது பேர். ஆளுக்கு நூறு. இருபத்து நாலாயிரம் ரூபாய். என் பெயரில்.

"நான் ஒரு பைசா வாங்கலம்மா. சும்மா வந்து எடுத்துக் குடுத்தேன்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பொய்க்கு ஓர் அளவு வேண்டாமா என்று கேட்பது போன்ற பார்வை.

"சும்மாவா? ஒரு நாள் பூரா அந்தத் தகரத்துக்கு அடியில நின்னு இருநூத்தி நாப்பது பேர சும்மா புடிச்சியா? உனக்கு இன்னா பைத்தியமா? யாராவது சும்மா வேல செய்வாங்களா?"

ஸ்டுடியோ வைத்துப் பதினைந்து வருடமாக நான் எந்தத் தோழியிடமும் கேட்க முடியாமல் விழுங்கிய கேள்வியை, இவள் என்னிடம் கேட்கிறாள். அதுவும் நான் திருடி என்று நம்பிக்கொண்டு.

ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். "வா" என்றேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து நேராகத் தொழிற்பேட்டைக்கு ஓட்டினேன். வழியெல்லாம் லாரிகள். ஒரு டிரெய்லர்க்காரன் குறுக்கே வந்தபோது நான் கத்திய கத்தலுக்கு அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா போக்கா, என்னியும் கொன்னுடப் போற" என்றாள்.

காண்ட்ராக்டர் ஆபீஸ் ஒரு மெஸ்ஸுக்கு மேல் மாடியில் இருக்கிறது. தோழி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "இன்னாடி அதிசயமா!" என்று எழுந்தாள். பின்னால் நின்றவளைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தாள்.

"என் பேரச் சொல்லி எவ்ளோடி வசூல் பண்ணே?" என்றேன்.

"மெதுவா பேசுடி. கீழ மெஸ்ல ஆளுங்க கீறாங்க."

"கேக்கட்டும். எவ்ளோ?"

"நான் புடிக்கலடி, சாமி சத்தியமா. மொதலாளி புடிக்கச் சொன்னாரு. கார்டு, நாடா, போட்டோ எல்லாம் சேத்து நூறு ரூபான்னாரு. நான் சம்பளம் வாங்கற ஆளு. இன்னா பண்ணச் சொல்றே?"

"போட்டோக்காரம்மாவுக்குன்னு சொன்னது யாரு? அதுவும் மொதலாளியா?"

அவள் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆளுங்க கேள்வி மேல கேள்வி கேட்டு பேஜாரு பண்ணாங்க. வாய்ல வந்தத சொல்லிட்டேன்."

வாயில் வந்ததாம். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் வாயில் நான்தான் வந்துகொண்டிருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் நோட்டு என்னிடம் இருக்கிறது என்பாள். அப்போதும் நான் எழுந்து நின்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

"பட்ஜெட்டே இல்லன்னு சொன்னியேடி. எங்கிட்ட ஒரு நாள் உழைப்ப சும்மா வாங்கி, அத்த இவங்களாண்ட வித்துட்டியே!"

இதற்கு அவள் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

"பட்ஜெட் இல்லன்னு எல்லாரும் மொதல்ல சொல்றதுதான்டி! நீ ஒரு ரேட் சொல்லுவே, நான் கொஞ்சம் கொறச்சிக்கோன்னு சொல்லுவேன், எங்கனா ஒண்ணுல வந்து நிப்போம்னு இருந்தேன். நீ பாட்டுக்கு சரின்னு போன வெச்சிட்டே. டப்பு வேணும்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து கேட்டியா? கேட்டிருந்தா மொதலாளியாண்ட சண்ட போட்டாவது வாங்கிக் குடுத்திருப்பேன். காசு வேணாம்ன்றவளுக்கு நான் போய் எதுக்கு சண்ட போடணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"சரி, நீ எடுத்த லட்சணத்த நீயே பாரு."

திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கரிய தலை. கீழே இழுத்துக்கொண்டே போனாள். வந்துகொண்டே இருந்தது. தனித்தனியாக எடுத்தபோது எனக்கு அப்படித் தெரியவில்லை. மொத்தமாகப் பார்த்தபோது, மனிதர்களை வேண்டுமென்றே அழித்து வைத்ததுபோல இருந்தது. துடைத்துக்கொண்டு, முடி ஒதுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

"கேட்லேர்ந்து நாலு தபா கம்ப்ளெயின்ட் வந்துச்சி. உன்னாண்ட எப்டிடி சொல்றது? ஓசில வாங்கிக்கினு அது நொட்ட இது நொள்ளன்னா நல்லாவா இருக்கும்? காசு குடுத்து எடுத்திருந்தா அன்னிக்கே உன் கடைக்கு வந்து கத்தியிருப்பேன். நீ லைட்டுகூட எடுத்துக்கினு வரலன்னு எனக்குத் தெரியாதா? காசு தரலன்ற கோவத்துல ஏனோதானோன்னு அடிச்சிட்டுப் போயிட்டே. தெரிஞ்சிதான் வாய மூடிக்கினு இருந்தேன்."

என் ரகசியச் சாமர்த்தியம் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவளுக்குத் தெரிந்தால், வேப்பம்பட்டுக்காரிக்கும் தெரிந்திருக்கும். வள்ளூர்க்காரருக்கும் தெரிந்திருக்கும். எல்லாரும் "சூப்பர்" என்று சொல்லிவிட்டு, பின்னால் என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள்? ஓசியில் வந்தது, இவ்வளவுதான் வரும் என்றுதானே? நான் அவர்களிடமிருந்து கழித்ததாக நினைத்ததெல்லாம் என் கைத்தொழிலின் பெயரிலிருந்துதான் கழிந்திருக்கிறது. அதுவாவது என் தலையெழுத்து. இந்த நீலக் கோட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் நூறு நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். நான் ஓசிக்காரி மேல் காட்டிய கோபம், காசு கொடுத்தவர்கள் முகத்தில் போய் விழுந்திருக்கிறது. அவமானத்தில் எனக்குத் தோழியை இரண்டு அறை அறைய வேண்டும் போல இருந்தது. என்னையும்தான்.

"நீ செஞ்சது திருட்டு" என்றேன்.

"நீ செஞ்சது மட்டும் இன்னாவாம்?" என்றாள்.

அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்த ஏரிக்கரைக்காரி கூடையைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

"ரெண்டு பேரும் அப்புறமா சாவகாசமா சண்ட போடுங்க. நாளைக்கு நான் உள்ள போறதுக்கு இன்னா வழி? அத்த மொதல்ல சொல்லுங்க."

தோழி இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குள் மூஞ்சி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வந்தால் இன்றைக்கே புதுக் கார்டு அடித்து, கேட்டுக்குப் போன் செய்து சொல்லிவிடுவதாகச் சொன்னாள். நூற்றைம்பது வேண்டாம் என்றாள். பிடித்த நூறு ரூபாயைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்டேன். "மொதலாளி வரட்டும், பேசறேன்" என்றாள். அந்த முதலாளி இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறார். கெட்டுப்போன மற்ற படங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மறுபடி எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னேன். "மறுபடியும் சும்மாவா?" என்றாள் தோழி, கிண்டலாக. "சும்மா இல்ல. இது என் தப்பு. தப்பத் திருத்தறதுக்குக் காசு கேக்க மாட்டேன். அதோட நமக்குள்ள முடிஞ்சிது" என்றேன். படியிறங்கும்போது அவள் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் எடுத்தேன், அப்போதும் அவள் ஷெட் பக்கமே வரவில்லை. முப்பது வருட சிநேகிதம் அந்த மாடிப்படியிலேயே நின்றுவிட்டது.

ஸ்டுடியோவுக்குத் திரும்பினோம். ஷட்டரைத் தூக்கி, ஃபேனைப் போட்டேன். ஏரிக்கரைக்காரியிடம் நாற்காலியைக் காட்டினேன்.

"உட்காரும்மா. பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்."

அவள் உட்காரவில்லை. "எவ்ளோ?" என்றாள்.

"காசெல்லாம் ஒண்ணும் வேணாம். உட்காரு."

"வேணாம்னா நான் எதிர்க் கடைக்குப் போறேன்."

"ஏம்மா, நான் கெடுத்ததுக்கு நான்தானே சரி பண்ணணும்? நீதான் ஏற்கெனவே நூறு ரூபா குடுத்திருக்கியே."

"அது உன் கைக்கு வரலன்னு இப்பதான தெரிஞ்சிது. அந்தக் காச அவங்களாண்ட நான் கேட்டுக்கறேன், வுட மாட்டேன். நீ காசு வாங்காம எடுத்தா எப்டி எடுப்பன்னு கழுத்துல மாட்டிக்கினு மூணு வாரமா சுத்தறேன். இன்னா ரேட்டு, வாயத் தொறந்து சொல்லு."

ஸ்டுடியோவில் நானும் அவளும் மட்டும்தான். முன்பின் தெரியாத வாடிக்கையாளர்களிடம் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிற தொகை. அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு நாள் சம்பளம் இழந்தவள். அதற்குக் காரணம் நான். ஒரு வழியாக, "அறுபது குடு" என்றேன்.

அவள் தலையை உயர்த்திச் சுவரைப் பார்த்தாள்.

"போர்டுல எட்டு காப்பி எண்பதுன்னு போட்டுக்கீதே?"

"உனக்காகக் கொறச்சிக்கிட்டேன்."

"இருபது ரூபாய்க்கு எந்த எடத்துல கொறைப்ப? கண்ணுலயா, மூக்குலயா?"

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அறைந்ததில்லை. "எண்பது" என்றேன். அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பர்ஸை எடுத்தாள். ஒரு ஐம்பது, மூன்று பத்து. கசங்கி, ஈரமாய் இருந்தன. மேஜையில் வைத்து, என் பக்கம் தள்ளினாள். நான் எடுத்து டிராயருக்குள் போடும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்கப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். நான் காத்திருந்தேன். அவள் தலையை ஆட்டிய பிறகு எடுத்தேன்.

நன்றாக வந்திருந்தது. உப்புக் காற்றும் வெயிலும் பட்ட முகம். கண்ணோரச் சுருக்கம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. எந்த செக்யூரிட்டியும் இவள் இல்லை என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டினேன். அவள் எழுந்து வந்து, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"கழுத்தாண்ட நெழலு கீது. இன்னொண்ணு எடு."

"கார்டுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. இதுவே நல்லாத்தான் இருக்கு" என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

"காசு குடுத்துக்கீறேன் இல்ல?" என்று சொல்லிவிட்டு, போய் மறுபடி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இன்னொன்று எடுத்தேன்.